போனுக்குத் தெரியாமல் ஒரு கலியாணப் பேச்சு

எங்கள் ஆட்களிடையே கலியாணப் பேச்சு என்பது முற்றாகும்வரை மூச்சு விடக்கூடாத விஷயம். சாதகக் குறிப்புப் பொருந்தி, இரண்டு வீட்டாரும் ஒப்பி, எழுத்து என்கிற கலியாணப் பதிவுக்கு நாள் வைத்த பிறகுதான் கூடப்பிறந்தவர்களுக்கே சொல்வோம். முந்திச் சொன்னால் கண்ணூறு படும் என்பாள் என் மனைவி. எனக்குக் கண்ணூறில் நம்பிக்கை இல்லை. ஆனால் முந்திச் சொன்னால் யாராவது ஒருவர் மாப்பிள்ளை வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார் என்பதில் எனக்கும் நம்பிக்கை உண்டு.

அப்படிப்பட்ட பேச்சை நான் உலகத்துக்கே அறிவித்தேன், வாயே திறக்காமல்.

மாப்பிள்ளை கொட்டாஞ்சேனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பொடியன். ஒரு சனிக்கிழமை நானும் மனைவியும் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறிப் போய், முதலில் அந்தப் பக்கத்துச் சாத்திரியாரிடம் மகளுக்குப் பொருத்தம் பார்த்தோம். பிறகு கடைக்கும் போய்ப் பொடியனின் தகப்பனோடு கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு வந்தோம். பின்னேரம் போன் கேட்டது: நீங்கள் போன இடங்கள் எப்படி இருந்தன?

நான் ஓய்வு பெற்ற கணக்காய்வாளன். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் விட எனக்குக் கை வராது. சாத்திரியாருக்கு ஐந்துக்கு மூன்று புள்ளி போட்டு எழுதினேன்: “குறிப்பு நிதானமாகப் பார்க்கிறார். ஒன்பது பேருக்கு ஒரு மின்விசிறி. மகளுக்கு எட்டுப் பொருத்தம் என்றார். வீட்டில் நான் எண்ணியபோது ஏழு.” ஹாட்வெயார் கடைக்கு நான்கு: “உரிமையாளர் மரியாதையானவர். தேநீர் தந்தார்.” போனில் வரைபடம் நடத்தும் நிறுவனத்துக்கு மட்டும் போகிற பதில் என்றுதான் நினைத்திருந்தேன். அது என் முழுப் பெயரோடும் படத்தோடும் வரைபடத்தில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஏறியிருந்தது.

ரொறன்ரோவில் இருக்கும் மனைவியின் தங்கை, புது வீட்டுக் குடிபூரலுக்கு நாள் பார்க்கக் கொழும்பில் நல்ல சாத்திரியாராகத் தேடியிருக்கிறாள். முதலில் வந்தது என் எழுத்து. உடனே போன் எடுத்தாள்.

“அத்தான், உண்மையில ஏழோ, எட்டோ?”

ஒரே நாளில் நான் புள்ளி போட்ட இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்த்து, மாப்பிள்ளை எந்தக் கடை என்பதையும் அவளே கண்டுபிடித்துவிட்டாள். கெட்டவள் அல்ல, சந்தோசத்தில் கடைக்காரரை அறிந்த ஒரு ஆளைப் பிடித்து வாழ்த்தும் சொல்லி அனுப்பிவிட்டாள். மூன்றாம் நாள் பொடியனின் தாயிடமிருந்து தரகர் மூலம் செய்தி வந்தது. பேச்சே முடியாமல் கனடாவிலிருந்து வாழ்த்து வருகிற இடத்தில் தங்களுக்குச் சம்பந்தம் வேண்டாமாம்.

“நான் ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை” என்றேன் மனைவியிடம்.

“ஓம், ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை. போனிட்டச் சொல்லிப்போட்டியள். இனி உங்களுக்கு ஒண்டும் சொல்லுறதா இல்லை.”

சொன்னபடியே செய்தாள். நான் உள்ளே வந்தால் தாயும் மகளும் மரக்கறி விலை கதைப்பார்கள். தரகர் வந்தால் என் போனைத் துவாயில் சுற்றிப் பல்கனியில் வைப்பாள். என்னையும் அங்கே நிற்கச் சொல்வாள். பெற்ற மகளின் கலியாணத்தில் நான் வெளியாள் ஆகிவிட்டேன்.

அந்த நிறுவனம் என்னைப் பற்றி என்னவெல்லாம் வைத்திருக்கிறது என்று கேட்டு இறக்கிப் பார்த்தேன். போன முடிவெட்டும் கடை, கண் டொக்டர், கடற்கரையில் இளைப்பாறின இடம், எல்லாம் இருந்தன. மனைவிக்குத் தெரியாத இடங்கள் இரண்டு. இரண்டும் இனிப்புக் கடை. அன்றைக்கே அவர்களிடமிருந்து வெளியேறுவது என்று முடிவெடுத்தேன். மின்னஞ்சல், வரைபடம், படங்கள், தேடல், நாட்காட்டி, தமிழ் விசைப்பலகைகூட அவர்களுடையது. எண்ணிப் பார்த்தேன், மொத்தம் பதினேழு சேவை.

மகள் சிரித்தாள். “அப்பா, பொதுவில காட்டாதே எண்டு ஒரு பட்டன் இருக்கு. அதை அமத்தினாப் போதும்.”

“நாளைக்கு அவங்கள் அந்தப் பட்டனை வேற இடத்தில கொண்டுபோய் வைச்சா?”

“அப்ப தேடி அமத்துங்கோ.”

“நான் செத்த பிறகு ஆர் தேடுறது?”

“செத்த பிறகு நீங்கள் ஆருக்குப் புள்ளி போடப்போறியள்?”

அவளோடு கதைத்து வெல்ல முடியாது. நானாகவே தொடங்கினேன். எடுத்ததெல்லாம் மூலநிரல் எல்லாருக்கும் திறந்து கிடக்கும் மென்பொருள்கள். யாரும் வாசித்துப் பார்க்கலாம். எனக்கு நிரல் வாசிக்கத் தெரியாது. ஆனால் கணக்குப் புத்தகங்களை எவருக்கும் திறந்து காட்டுகிற இடத்தில் களவு குறைவு என்பது என் தொழிலில் கண்டது.

சும்மா முடிகிற வேலை அல்ல. புது மின்னஞ்சல் முகவரியை நாற்பத்தொரு இடங்களுக்கு அறிவித்தேன். ஆறு இடங்கள் இன்னும் பழையதற்கே எழுதுகின்றன போலும். வங்கிச் செயலி, அந்த நிறுவனத்தை அகற்றிய என் போனில் இயங்க மறுத்தது. வரிசையில் நின்று வங்கிக் கவுண்டரிலேயே அலுவல் பார்த்தேன். இரத்த அழுத்தம் ஏறவில்லை, அதையும் அளந்தேன். புது வரைபடம் பொதுசனங்கள் சேர்ந்து வரைவது. அதில் எங்கள் வீடு இருக்கிற சின்னத் தெருவான ஒழுங்கை பாதியில் நின்றது. நடந்து பார்த்து, கடற்கரை றெயில் பாதை வரைக்கும் நானே இழுத்து முடித்தேன். மழைக்குத் தண்ணீர் நிற்கிற மூலையில் இருந்த படிக்கட்டையும் சேர்த்தேன். யாரும் என் படத்தைக் கேட்கவில்லை. அந்தப் படிக்கட்டைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் கேட்கவில்லை.

கடைசியில் பழைய கணக்கை அழிக்கப் போனபோது மூன்று தரம் மறித்தது. உங்கள் நினைவுகளை இழப்பீர்கள் என்றது. என் நினைவுகள் மேசை லாச்சிக்குள் ஒரு வன்தட்டில் இருந்தன. அந்த வன்தட்டில் நம்பிக்கை இல்லாதபடியால் இன்னொரு வன்தட்டிலும் இருந்தன. அழித்தேன். எழும்பி நின்று சட்டையை இழுத்து விட்டுக்கொண்டேன். வேலை பார்த்த காலத்தில் ஒரு பெரிய மோசடியைப் பிடித்த நாளில்தான் அப்படி நின்றிருக்கிறேன்.

அதற்குப் பிறகு போன் ஒன்றுமே கேட்கவில்லை. காலிக்குப் போகிற பெருந்தெருவான காலி வீதியில் ஒரு கடையில் போண்டா தின்றேன். எப்படி இருந்தது என்று கேட்க ஒரு ஆளில்லை.

ஒரு பின்னேரம் மனைவி வந்து பக்கத்தில் இருந்தாள். “நாங்கள் எங்க போனாலும் இது ஒருத்தருக்கும் சொல்லாதோ?”

“எனக்கே சொல்லாது.”

போனை வாங்கிக் கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் தட்டினாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்: பொடியன் வேறு பெண் பார்க்கச் சம்மதிக்கவில்லையாம், தாய் இறங்கி வந்திருக்கிறாவாம், எழுத்து முடியும்வரை ஒரு குஞ்சுக்கும் தெரியக்கூடாது என்பது அவவின் நிபந்தனையாம். “வாற ஞாயிறு போறம். நீங்களும் வாறியள். போனையும் கொண்டு வரலாம்.”

போனேன். பிறகும் மூன்று தரம் போனேன். பொடியன் வீட்டாரும் நாங்களும் நான் புதிதாக எடுத்த ஒரு திறந்த மூலச் செய்திச் செயலியிலேயே கதைத்தோம். மனைவியின் போனிலும் சம்பந்தியின் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தது நான். மண்டபம், ஐயர், கூறைச்சேலை எல்லாம் பேசி முடிந்தன. ஒரு ஈ அறியவில்லை.

இதற்கிடையில் கிழமைக்கு ஒருதரம் ரொறன்ரோவிலிருந்து மச்சாள் எடுப்பாள்.

“அத்தான், என்ன புதினம்?”

“வெள்ளவத்தையில என்ன புதினம்? மழை.”

“நீங்கள் இப்ப ஒரு கடைக்கும் எழுதுறேல்லை. சுகமில்லையோ எண்டு பயந்து போனன்.”

“சுகமாத்தான் இருக்கிறன்.”

எழுத்தன்று காலை, மகள் சேலை உடுத்திக்கொண்டிருக்கும்போது, மனைவி என்னிடம் வந்து, “தங்கச்சிக்கு நீங்களே சொல்லுங்கோ” என்றாள். எடுத்துச் சொன்னேன்.

“எப்ப பேசினது? எங்க பேசினது? ஒருத்தரும் சொல்லேல்லையே!”

“கொட்டாஞ்சேனையிலதான். தொடக்கத்திலயிருந்து மொத்தம் ஐஞ்சு தரம் போய் வந்தனாங்கள்” என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

பக்கத்தில் நின்ற மனைவி தலையை ஆட்டி ஆறு விரல் காட்டினாள்.

போனை வைத்துவிட்டு, என் கணக்குப் பிழைக்காது என்றேன். பிழைதான். முறிந்த பேச்சை ஒட்ட வைக்க ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, அவள் தனியே கொட்டாஞ்சேனை போய்ப் பொடியனின் தாயைக் கண்டிருக்கிறாள்.

“போன்?” என்று கேட்டேன்.

“வீட்டில வைச்சிட்டுப் போனனான்” என்றாள், என் வேட்டிக் கரையைச் சரி செய்தபடி.