எந்தக் கடனை முதலில் அடைப்பது

பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேர் பார்க்க விழுந்த அறை அது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய செங்குட்டுவனின் சட்டைக் காலரைப் பரமசிவம் பிடித்தான். பிடித்த கையை எடுக்காமலே மறு கையால் ஓங்கி அறைந்தான். சாப்பாட்டுத் தூக்கு தார் ரோட்டில் உருண்டது. மூடி தனியே ஓடிப் போய்ச் சாக்கடை ஓரம் நின்றது.

"கார்ட குடுன்னு கேக்குறியா? வாங்குன துட்டு எவன் வூட்டு துட்டுடா?"

வட்டிக்குக் கொடுத்தவன் ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். சம்பளத்தன்று பரமசிவமே பணத்தை எடுப்பான், வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவான். காய்ச்சலில் லீவு போட்டதால் அந்த மாதச் சம்பளம் குறைந்து, பிடித்தது போக மிஞ்சியது கைக்கும் வாய்க்கும் காணவில்லை. அதனால்தான் செங்குட்டுவன் கார்டைக் கேட்டான்.

அதே பஸ்ஸின் பின்பக்கப் படியில் நின்றுகொண்டிருந்தாள் அவன் மனைவி பிரபாவதி. அவள் மைன்ஸ் கேன்டீனில் பாத்திரம் கழுவுபவள். அவன் நிலக்கரி பெல்ட் ஓடும் இடத்தில் சிந்தும் கரியை அள்ளுபவன். இருவருமே கான்ட்ராக்ட். அவள் இறங்கிப் போய் மூடியை எடுத்து, சேலையில் துடைத்து, தூக்கை மூடினாள். கூட வேலை செய்யும் ஆட்கள் ஒருவரும் அசையவில்லை. அவர்களில் பாதிப் பேரின் கார்டும் பரமசிவத்தின் சட்டைப்பையில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் செங்குட்டுவன் குடத்தை எட்டி உதைத்தான். "என்னாத்த பாத்துகினு நின்ன நீ?" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தான். அவள் திருப்பி அடிக்கவில்லை. தரையில் ஓடிய தண்ணீரைத் துணியால் ஒற்றிப் பிழிந்துகொண்டே அந்தக் கார்டை மீட்பது என்று முடிவு செய்தாள்.

பிரபாவதி காடாம்புலியூர்க்காரி. அப்பனும் அம்மாவும் அடுத்தவர் முந்திரித் தோப்பில் கூலிக்குப் போனவர்கள். கொட்டை உடைத்து உடைத்து, அதன் எண்ணெய் பட்டு, அம்மாவின் விரல்களில் தோல் உரிந்துகொண்டே இருக்கும். அந்த வீட்டிலிருந்து போய் ப்ளஸ் டூவில் கணக்கில் இருநூற்றுக்கு நூற்றெழுபத்தெட்டு வாங்கினாள். காலேஜுக்குக் கட்டப் பணம் இல்லை. கல்யாணம் கட்டி நெய்வேலிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் அந்த மார்க் அவளை விட்டுப் போகவில்லை. கேன்டீன் சூப்பர்வைசர் ஓவர்டைம் கணக்கைக் கூட்டுவதற்குள் இவள் தட்டைக் கழுவிக்கொண்டே விடை சொல்லிவிடுவாள்.

செலவுக் கணக்கு எழுதும் ஆப்பை அவளே தேடிப் பிடித்து போனில் ஏற்றினாள். வரவு, செலவு, கடன் மூன்றையும் தமிழிலேயே போடலாம். அரிசி முதல் பையனின் பென்சில் வரை எல்லாவற்றையும் போட்டாள். பரமசிவத்துக்குத் தர வேண்டியது முப்பதாயிரம், மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி. மகளிர் குழுவில் வாங்கிய லோன், வாராவாரம் டியூ. எல்லாம் போட்டு முடித்ததும் ஆப் ஒரு வரிசை போட்டுக் காட்டியது. வட்டி அதிகமுள்ளதை முதலில் அடை என்றது. உச்சியில் பரமசிவம், அடியில் குழு.

சிறுகச் சிறுகச் சேர்த்தது இருந்தது. அவள் கணக்கில் போனஸும் வந்தது. இரண்டையும் கூட்டினால் கொஞ்சம்தான் குறைந்தது. இரண்டு வாரக் குழு டியூவை நிறுத்தினால் சரியாகிவிடும். தாமதத்துக்கு அபராதம் ஐம்பது ரூபாய். பரமசிவத்தை இன்னொரு மாதம் இழுத்தால் மூவாயிரம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கணக்கில் தவறே இல்லை. ஆனால் அவள் லோனுக்குக் கையெழுத்துப் போட்ட மற்ற நான்கு பெண்களை எழுத அந்த ஆப்பில் கட்டம் கிடையாது. அவளும் எழுத நினைக்கவில்லை.

பணத்தை எண்ணி வாங்கிய பரமசிவம் கார்டை அவள் காலடியில் வீசினான். "திரும்பி வருவடி, எங்க போயிடுவ?" என்றான். அவள் குனிந்து எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

முதல் வாரம் குழுப் பெண்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவள் டியூவை ஈடு கட்டினார்கள். இரண்டாம் வாரம் அவள் கூட்டத்துக்கே போகவில்லை, போனில் சொல்லிவிட்டாள். கூட்டம் நடப்பது குழுத்தலைவி கமலாவின் வாசலில். ஐந்து பேர் டியூவும் சேராமல் வசூலுக்கு வரும் சார் எழுந்திருக்க மாட்டார், யாரையும் வேலைக்குப் போக விடவும் மாட்டார். அன்றைக்குப் பார்த்துக் கமலாவின் புது லோன் பாஸாக வேண்டியிருந்தது. அவள் மகனுக்குப் பாலிடெக்னிக் ஃபீஸ் கட்டக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. குழுவில் பாக்கி இருப்பதால் லோன் கிடையாது என்று சார் பையை மூடிவிட்டார்.

"வெளிய வாடி, கணக்குப்புள்ள!"

கமலாவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. பின்னால் குழுவிலிருக்கும் பட்டம்மாளும் அன்னாளும் நின்றார்கள்.

"யக்கா, உள்ள வாங்க, பேசிக்கலாம்."

"உன் வூட்டுல விருந்து திங்கவா வந்தேன்? அந்தாளு என் வாசல்ல குந்திகினு நகரமாட்டேங்குறான். பட்டம்மா வேலைக்கே போவல. மவராசி நீ போன நோண்டிகினு இருக்க!"

பிரபாவதி போனை நீட்டினாள். "இத பாருங்கக்கா. அவனுக்கு மாசம் மூவாயிரம் போவுது. இங்க லேட்டானா அம்பது ரூவாதான். அத நானே..."

"அம்பது ரூவாவா? எம் புள்ள படிப்பு உனக்கு அம்பது ரூவாவாடி?"

அடி விழுந்தது. போன் சுவரில் மோதிக் கீழே கிடந்தது. கமலா அவள் கொண்டையைப் பிடித்துச் சுழற்றி வாசலுக்கு இழுத்தாள். பிரபாவதி அந்த மணிக்கட்டைக் கடித்தாள், பல் இறங்கும்வரை விடவில்லை. கமலா வலியில் மறு கையால் அவள் காதைப் பிடித்து இழுக்க, கம்மல் சதையை அறுத்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது. கழுத்து வழியாக ரத்தம் இறங்கி ஜாக்கெட்டை நனைத்தது. "ஏசுவே, விடுங்கடி!" என்று கத்தி நடுவில் விழுந்த அன்னாளுக்கும் முழங்கையால் ஓர் இடி விழுந்தது.

அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்தான் செங்குட்டுவன். அடுப்புக்கு வைத்திருந்த விறகுக் கட்டையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான். கமலா ஓரடி பின்வாங்கவில்லை.

"அடிறா. பஸ் ஸ்டாப்புல அடிச்சவன் மேல வராத கை, பொம்பள மேல வருதா? அடி பாக்கலாம்!"

கட்டை அவன் கையிலிருந்து நழுவியது. முகம் செத்துப் போயிற்று. விறுவிறுவென்று உள்ளே போய், மாடத்திலிருந்த கார்டை எடுத்துக்கொண்டு வந்தான். "பரமசிவங்கிட்ட போறேன். இத வச்சா குடுப்பான். இவளுங்க மூஞ்சில விட்டெறியறேன்."

பிரபாவதி குனிந்து அந்தக் கட்டையை எடுத்தாள். ஒரு கண்ணுக்குள் முடி விழுந்து, காதிலிருந்து ரத்தம் சொட்ட, வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"யோவ், அத எடுத்துகினு வாசல தாண்டுன, கால ஒடச்சிருவேன்."

"என்னாடி, வெறி புடிச்சிருச்சா?"

அவள் ஓங்கிக் கட்டையை இறக்கினாள். அது அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கதவில் பட்டுப் பலகை பிளந்தது. இரண்டாவது முறை ஓங்கும்போது குறி தவறாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கார்டைக் கீழே வைத்தான்.

பிரபாவதி கட்டையைப் போடாமலே மறு காதின் கம்மலைக் கழற்றினாள். "யக்கா, உங்க கைல இருக்குறதோட இதையும் எடுத்துகினு போங்க. அடகு வச்சி மொத வாரம் நீங்க போட்டத எடுத்துக்குங்க, இந்த வார டியூவ கட்டிருங்க. அந்தாள எழுப்பி உட்டுட்டு உங்க லோன கேளுங்க. அடகு சீட்டும் மீதியும் எங்கைக்கு வரணும்."

கமலா உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். கம்மலில் தோல் ஒட்டியிருந்தது.

"மொதல்ல ஆஸ்பத்திரிக்கி போடி, சனியனே" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

காதுக்குத் தையல் போட்டார்கள். கமலாவின் லோன் ஒரு வாரம் தள்ளி வந்தது. ஃபீஸைத் தாமதக் கட்டணத்தோடு கட்டினாள்.

சம்பளத்தன்று ஏ.டி.எம். வாசலில் பரமசிவம் ரப்பர் பேண்ட் போட்ட கார்டுக் கட்டோடு பைக்கில் உட்கார்ந்திருந்தான். "என்னா, காதறுந்த கணக்குப்புள்ள, கை ஒடியலையா?" என்று சிரித்தான். பிரபாவதி அவனைத் தாண்டி உள்ளே போனாள். கூட வந்த செங்குட்டுவன் கதவை மறித்து, அவனுக்கு முதுகைக் காட்டி நின்றான். அவள் பணத்தை எடுத்து எண்ணி, கார்டை ஜாக்கெட்டுக்குள் வைத்த பிறகுதான் நகர்ந்தான்.

அங்கிருந்து நேரே கமலா வீடு. அந்த வார டியூவைக் கூட்டத்துக்கு முன்பே நீட்டினாள். கமலா வாசலிலேயே பணத்தை வாங்கி எண்ணினாள். மணிக்கட்டில் பல் தடம் இன்னும் கறுத்துத் தெரிந்தது.

பிரபாவதி தெருவில் நின்றபடியே கீறல் விழுந்த போனை எடுத்தாள். கடன் வரிசையிலிருந்து குழுவை நீக்கினாள். அரிசியும் வாடகையும் இருக்கும் செலவுப் பக்கத்தைத் திறந்து, அரிசிக்கு மேலே குழு டியூவை எழுதினாள்.