பாய் வாங்கிய ஃபேனும் சிஓடூ வெல்டிங்கும்

சிலிண்டரில் கேஸ் தீரும் தறுவாயில் இருந்தபோதுதான் அந்த மூன்று சக்கர சைக்கிள் எங்கள் பட்டறைக்கு வந்தது. இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். வேறு சிலிண்டர் கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர வழியே இல்லை.

வந்தவர்கள் சின்னத்தம்பியும் அவர் மனைவி வெள்ளையம்மாளும். கல்வராயன் மலைக்காரர்கள், கச்சிராயபாளையத்தில் குடியிருந்தார்கள். வெள்ளையம்மாளுக்குச் சிறுவயதிலேயே கால்கள் விழுந்துவிட்டன. கையால் சுற்றி ஓட்டும் அந்த சைக்கிளின் ஃப்ரேம் முறிந்திருந்தது. மாட்டுவண்டியில் ஏற்றி, வயல்வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"இது நல்லா இருந்தப்போ சந்தைக்கு நானே போய்க்கினு இருந்தேங்க. இப்போ மறுபடியும் இவரு தூக்கினு போறாரு" என்றார் வெள்ளையம்மாள்.

மெல்லிய பைப். ஆர்க் ராடை வைத்தால், கொஞ்சம் அசந்தாலும் பொத்துக்கொள்ளும். கேஸ் வெல்டிங் இதற்குப் பாந்தமாக இருக்கும், ஆனால் ஆக்ஸிஜன் முன்பே தீர்ந்துவிட்டது. தீரப்போகும் கரியமில வாயு சிலிண்டரோடு மிச்சம் இருந்தது, புதிதாக வாங்கிய சிஓடூ மெஷின். அதில் ஒயர் தானாக வரும், கசடு தட்டும் வேலை கிடையாது, சூட்டையும் அளவாக வைக்கலாம்.

தைரியமாக ஆரம்பித்தேன். வெல்டு முழுக்க ஆப்பம் மாதிரி பொடிப்பொடி ஓட்டை. கிரைண்டரில் தேய்த்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் ஆப்பம்தான். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"கேஸு மோசம் பாய்" என்று கத்தினேன்.

"இருக்கறதே கம்மி. பாத்துப் போடுப்பா" என்றார் முதலாளி கவுஸ் பாய்.

வெள்ளையம்மாள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அந்தக் காத்தாடிய நிறுத்துங்களேன். குளுருது."

நாங்கள் வேர்த்துக் கொட்டுவதைப் பார்க்கப் பொறுக்காமல் பாய் அந்த வாரம்தான் அந்த பெடஸ்டல் ஃபேனை வாங்கியிருந்தார். எழுந்துபோய் நிறுத்தினார். மறுபடி வெல்டிங் டார்ச்சின் விசையை அழுத்தினேன். எண்ணெயில் வடகம் பொரிகிற மாதிரி சீராகச் சத்தம் வந்தது. ஒரு ஓட்டை இல்லை.

உருகும் இரும்பைக் கேஸ் போர்த்தியிருக்க வேண்டும்; ஃபேன் காற்று அந்தப் போர்வையை உருவிவிட்டது. இளைய வெல்டர்களே, கேஸைத் திட்டுவதற்கு முன்னால் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

"இன்னாப்பா, ஆசையா வாங்கினதே வில்லனாப் போச்சா?" என்றார் பாய். முகம் வாடிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. அந்த மனுஷன் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

கடைசி இணைப்பு முடிந்தபோது கேஸ் முள் பூஜ்யத்தில் நின்றது.

வெள்ளையம்மாள் ஏறி உட்கார்ந்தார். மாட்டுவண்டி தெருமுனையில் நின்றது. சின்னத்தம்பி பழக்கதோஷத்தில் பின்னாலிருந்து தள்ளப் போனார்.

"வுடுய்யா, நானே போறேன்."

சின்னத்தம்பி கையை எடுத்தார். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல், தோள் துண்டைப் பிடித்துக்கொண்டு மனைவியின் பின்னால் நடந்தார்.