கொசு மாமாவின் டயர்

யாரோ ஒருவர் அஞ்சலக வாசலில் நிறுத்திவிட்டுப் போன சைக்கிளின் பின்டயரை ஒரு குண்டு மனிதர் ஆள்காட்டி விரலால் அழுத்திக்கொண்டிருக்கிறார். அழுத்துகிறார், விடுகிறார், கொஞ்சம் தள்ளி மறுபடி அழுத்துகிறார். கண் மூடியிருக்கிறது. தொப்பை தொடையில் முட்டுவதால் மூச்சு புஸ் புஸ்ஸென்று வருகிறது. டயரிலிருந்துதான் காற்று போகிறதோ என்று பயந்து சைக்கிளுக்கு உரியவர் உள்ளேயிருந்து ஓடிவருகிறார்.

"யோவ், என் வண்டியை என்னய்யா பண்றே?"

"ஒண்ணும் பண்ணலீங்க. டயர் நல்லாத் தடிமனா இருக்கே, பஞ்சர் ஆகுமான்னு பார்த்தேன்."

"அதுக்கு எதுக்குக் கண்ணை மூடறே?"

"தொறந்திருந்தா விரலுக்குத் தெரியாதுங்க."

சொல்லிவிட்டு அடுத்த சைக்கிளுக்கு நகர்ந்துவிடுகிறார்.

ஆளுக்குக் கொசு மாமா என்று பெயர். மாவு மூட்டைக்குச் சட்டை மாட்டிவிட்டது போன்ற உடம்புக்கு இப்படி ஒரு பெயரா என்று சிரிப்பவர்கள், அவரிடம் ஒரு தடவையாவது ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். லேப்பில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பது அவர் வேலை. குத்தியது தெரியாது, உறிஞ்சியது தெரியாது. "அவ்வளவுதான், எந்திரிங்க" என்று பஞ்சை வைத்து அழுத்தும்போதுதான் காரியம் முடிந்ததே தெரியும். பெயர் வைத்தது அங்கே வரும் பிள்ளைகள். அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். உதட்டைக் குவித்து 'ங்ஙொய்' என்று ஒரு ரீங்காரம் போட்டுக் காட்டுவார்.

யாரைப் பார்த்தாலும் அவர் கண் முதலில் போவது முழங்கையின் உட்பக்கத்துக்கு. கை குலுக்க நீட்டினால் உங்கள் கையை மெல்லத் திருப்பி, "அடடா, என்ன நரம்பு! தூக்கத்துலகூடக் குத்தலாம்" என்று மெச்சுவார். நீங்கள் கையைப் பிடுங்கிக்கொள்வீர்கள். அவர் மனைவிக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. "கல்யாணமான புதுசுல ஒரு நாள் என் கையைப் புடிச்சுத் தடவிக்கிட்டே இருந்தாரு. ஆகா, மனுசனுக்கு நம்ம மேல இவ்வளவு பாசமான்னு நெனச்சேன். 'எடது கையைவிட வலது கை ஈசி'ன்னாரு பாவி!" என்பது அந்த அம்மாள் அலுக்காமல் சொல்லும் கதை.

ஊரையே குத்துகிற மனிதரை ஊர் சும்மா விடுமா? அவர் சைக்கிளைக் குத்திக்கொண்டே இருந்தது. வீட்டிலிருந்து லேப்புக்குப் போக வாய்க்கால் பாலம் ஒன்றுதான் வழி. பாலத்துக்கு முன்னால் இரும்புப் பட்டறைத் தெரு. ஊரின் கதவு, ஜன்னல் கம்பியெல்லாம் அங்கேதான் அறுபடுகின்றன. மாலையில் பட்டறைக்காரர்கள் தெருவில் பெருக்கித் தள்ளிவிட்டுப் போகும் கம்பித் துணுக்குகள், விடிகாலையில் கொசு மாமாவுக்காக வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. மோட்டார் பைக் வாங்கலாமே என்பீர்கள். மச்சானுடைய பைக்கை ஒரே ஒரு நாள் ஓட்டிப் பார்த்தார். அது நேராகத் தையல் கடைக்குள் போய், சட்டைக்கு அளவு கொடுக்கிறாற்போல் தையல்காரர் முன்னால்தான் நின்றது.

காலையில் அவர் சாவியோடு வந்து திறக்கும்வரை லேப் வாசலில் காத்திருப்பவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர வேறெதுவும் உள்ளே போகாதவர்கள். கொசு மாமா பஞ்சர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது அவர்கள் பார்க்கிற பார்வையிலேயே, யாருக்கு எவ்வளவு கொதிப்பு என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

அவர்களையாவது 'ங்ஙொய்' சொல்லிச் சமாளித்துவிடுவார். வியாழக்கிழமை வருகிற சின்னப் பெண்ணிடம் அது செல்லாது. மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் தின்கிற மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று வாராவாரம் அவள் ரத்தத்தைக் கேட்டுத்தான் டாக்டர் முடிவு செய்கிறார். நரம்போ தோலுக்கடியில் கண்ணாமூச்சி ஆடும். கண்ணுக்கு அகப்படாது. கொசு மாமாவின் விரலுக்கு மட்டும் அகப்படும். முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டார்: "ஒரே குத்துதான். ரெண்டாவது குத்து குத்தினா என் பேரையே மாத்திக்கறேன்." அந்த வாக்கை நம்பித்தான் அவள் கையை நீட்டுகிறாள்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை பஞ்சர் ஆனது. பெண்ணின் அம்மாவுக்குத் தையல் ஆலையில் வேலை. நின்று காத்திருக்க நேரமில்லை. லேப் முதலாளியம்மா மாற்றுச் சாவியோடு ஓடிவந்து கதவைத் திறந்தார். கூட வேலை பார்க்கும் தம்பி ஊசியை எடுத்தான். நல்ல பையன்தான். குத்தினான், தேடினான், மறுபடி குத்தினான். கொசு மாமா வியர்த்து விறுவிறுத்து உள்ளே நுழைந்தபோது அவளுடைய இரண்டு கையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. அழவில்லை. அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா காலை டூட்டியைத் தம்பிக்கிட்ட குடுத்துடுவேன். நீங்க மத்தியானமா வாங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் முதலாளியம்மா. அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மத்தியானம் வந்தால் வியாழக்கிழமைக் கை தம்பிக்குப் போய்விடும். ஊரில் நிற்கிற சைக்கிளையெல்லாம் அவர் அழுத்திப் பார்க்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அழுத்தி அலுத்துப்போய் ஒருவழியாகச் சைக்கிள் கடைக்குப் போனார். சட்டைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். லேப்பில் சிறுநீர் பிடித்துவரச் சொல்லிக் கொடுக்கும் டப்பா. கடைக்காரர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"அண்ணே, இது சைக்கிள் கடை."

"பயப்படாதீங்க. புது டப்பாதான்."

உள்ளே அவருடைய டயரிலிருந்து பிடுங்கிய எதிரிகள் எல்லாரும் இருந்தார்கள்: கம்பித் துணுக்குகள், துருப்பிடித்த ஆணி, பாதி ஹேர்பின், எந்தச் செடியின் பிள்ளையென்று தெரியாத ஒரு முள். அவற்றில் ஒரு கம்பியைப் பொறுக்கி, கொக்கியில் தொங்கிய புது டயரின்மேல் சாய்வாக வைத்து, கைக்கு ஊசி போடுகிற அதே பதமாக இறக்கினார்.

"ஐயோ! விக்கறதுக்கு முன்னாடியே பஞ்சர் பண்றீங்களே!"

"எறங்கிடுச்சுங்க. இது வேணாம்."

கடைக்காரர் டப்பாவைப் பிடுங்கி மூடிவைத்துவிட்டு வகுப்பு எடுத்தார். டியூபுக்குள் ஊற்றுகிற பசை ஒன்று இருக்கிறது. சின்ன ஓட்டையை அடைக்கும், கம்பி கிழித்தால் கைவிரிக்கும். உள்ளுக்குள் தடித்த ரப்பர் பட்டை வைத்த டயர் இருக்கிறது. கனம், மூச்சு வாங்க மிதிக்கணும், ஆனால் அநேகமாகப் பஞ்சர் ஆகாது.

"அநேகமான்னா?"

"அநேகமான்னா அநேகமாத்தாண்ணே."

கொசு மாமாவுக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. மூலையில் காற்றே வேண்டாத கெட்டி டயர் ஒரு ஜோடி கிடந்தது. டியூபும் இல்லை, ஒன்றும் இல்லை, முழுக்க ரப்பர். எவ்வளவு குத்தினாலும் கவலைப்படாது. "ஆனா பட்டறைத் தெரு இருக்கிற லட்சணத்துக்கு உடம்பு ஆடிப்போயிடும்ணே" என்றார் கடைக்காரர்.

"ஆடட்டும். கொஞ்சம் கரையட்டும்" என்று தொப்பையைத் தட்டிக்கொண்டார் கொசு மாமா.

மறுநாளிலிருந்து பட்டறைத் தெருவில் அவர் பவனியைப் பார்க்க வேண்டுமே! கம்பி எங்கே கிடக்கிறதென்று தேடித் தேடி மேலே ஏற்றினார். பல் கடகடவென்று அடித்துக்கொண்டது, மணி தானாகவே அடித்தது, லேப் நேரத்துக்கு முன்பே திறந்தது. வீட்டில் மட்டும் அவர் மனைவி கவனித்தார். "என்னங்க, டம்ளர் கையில நிக்க மாட்டேங்குது?"

"அது டயர்."

"டயர் ரோட்டுல இருக்கு. கை இங்க இருக்கு."

அவருக்கும் தெரியாமல் இல்லை. லேப்புக்கு வந்து வெகுநேரம் கழித்தும் விரல் நுனியில் தேனீக்கள் ஓடிக்கொண்டிருந்தன. கயிறு மாதிரி நரம்பு உள்ளவர்களிடம் அது பெரிய விஷயமாக இல்லை. கண்ணால் பார்த்தே குத்திவிட்டார்.

வியாழக்கிழமை வந்தது. சின்னப் பெண் நாற்காலியில் ஏறிக் கையை நீட்டினாள். அவர் கண்ணை மூடி விரலை வைத்தார். நரம்பு தெரியவில்லை. தேனீக்கள்தான் தெரிந்தன. இடம் மாற்றி வைத்தார். இருக்கிற மாதிரி இருந்தது. குத்தினார். ஊசிக்குப் பின்னால் ஒரு சொட்டுச் சிவப்புகூட வரவில்லை. எடுத்துவிட்டுத் தன் விரல்களை உதறிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்து, ரீங்காரம் அடங்கிய பிறகு மறுபடி தேடிக் குத்தினார். வந்தது.

"மாமா, ரெண்டு" என்றாள்.

"ஆமா கண்ணு."

"அப்ப பேரு மாத்தணும்."

"மாத்திக்கறேன். என்ன பேரு வெக்கலாம், நீயே சொல்லு."

பஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் நிஜமாகவே யோசித்தாள். "குளவி."

அவள் அம்மாகூடச் சிரித்துவிட்டார். கொசு மாமாவுக்கு உதடு குவிந்தது, சத்தம் வரவில்லை.

வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகவில்லை, கடைக்குப் போனார். "கழட்டிடுங்க. அந்த அநேகமாவையே மாட்டுங்க." கடைக்காரர் பெரிய மனது பண்ணி, "நான்தான் அன்னிக்கே..." என்று ஆரம்பித்ததை விழுங்கிவிட்டு மாட்டிக் கொடுத்தார். பட்டை வைத்த டயர் மெத்தென்று போனது. மிதிக்கக் கனமாக இருந்தது. கை சாந்தமாக இருந்தது. பட்டறைத் தெருவில் அவர் இப்போது கம்பிகளுக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கிப் போனார்.

அடுத்த வியாழக்கிழமை ஒரே குத்து. சின்னப் பெண் ரத்தம் ஏறுவதைக் கடைசிவரை பார்த்துவிட்டு, "சரி, கொசுவாவே இருங்க" என்று அனுமதி கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு வந்த வெறும் வயிற்றுக்காரர்கள் எல்லோருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒரு 'ங்ஙொய்' கிடைத்தது.

அந்த டயர் இதுவரை பஞ்சர் ஆகவில்லை. வாரம் பூராவும் அதன்மேல் உட்கார்ந்துதான் போகிறார். வியாழக்கிழமை மட்டும் பட்டறைத் தெரு முனையில் இறங்கிவிடுகிறார். குனிந்து, முக்கி, சைக்கிளை இடது தோளில் தூக்கி மாட்டிக்கொள்கிறார். கதவைத் திறந்துகொண்டிருக்கும் பட்டறைக்காரர் விடுவாரா?

"என்ன மாமா, பஞ்சரா?"

"இல்லப்பா."

"அந்த டயர்தான் பஞ்சரே ஆகாதுன்னாங்களே!"

"அநேகமா ஆகாது" என்று சொல்லிக்கொண்டே, கம்பித் துணுக்குகளுக்கு நடுவில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போகிறார். சக்கரம் தோளுக்குப் பின்னால் சும்மா சுற்றுகிறது. முகமெல்லாம் வியர்வை ஓடுகிறது. துடைத்துக்கொள்ளக்கூட எடுக்காமல், வலது கையைப் பேன்ட் பைக்குள் பத்திரமாக விட்டுக்கொண்டிருக்கிறார்.