சவுக்குத் தோப்பில் கிடைத்த கொலுசு

என் மகள் எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டாள். புதைக்கிற இடத்துக்குப் பெண்கள் போகக்கூடாது என்று என்னை வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். "எண்ணூர் சவுக்குத் தோப்புல வச்சிட்டோம்" என்றதோடு சரி. எந்த இடம் என்று சொல்லாமலே என் வீட்டுக்காரரும் கண்ணை மூடிவிட்டார்.

போன மாதம் அந்தத் தோப்பில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். பழைய காசு தேடுகிற ஒருவர், மண்ணுக்குள் வெள்ளி, செம்பு இருந்தால் சத்தம் போடும் மிஷினோடு வந்தார். என் பக்கத்தில் அது கத்தியது.

"தள்ளிக்க ஆயா! வெள்ளக்காரன் காசா இருந்தா உனக்கும் பிரியாணி கீது" என்று சிரித்துக்கொண்டே தோண்டினார்.

வந்தது கறுத்துப்போன சின்னக் கொலுசு. கொக்கி உடைந்த இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. நான் சுற்றிய கம்பி. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா ஆயா, இன்னா ஆச்சு?"

"என் பொண்ணுதுப்பா. இங்கதான் கீறா."

அவர் சட்டென்று செருப்பைக் கழற்றினார். "நீயே வச்சிக்க ஆயா" என்று கொலுசை நீட்டினார்.

"வேணாம்பா. அவ கால்லயே கெடக்கட்டும்."

குழியில் வைத்தேன். அவர் மண்ணைத் தள்ளக் குனிந்தார். நான் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். பெற்றவள் ஒரு பிடி மண் போடுவதற்கு எனக்கு இந்த வயது வரவேண்டியிருந்தது.