வெளுத்துப்போன ஜன்னல்கள்

"கை சுத்தமில்லாதவங்களைக் கண்ணாடி வேலையில உட்கார வெச்சது என் தப்பு."

என் அண்ணியைப் பார்த்து அவருடைய முதலாளி சொன்ன வார்த்தை இது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. ஆபீஸில் பதினோரு பேர் சுற்றி நிற்கும்போது சொன்னார். அண்ணி வீட்டுக்கு வந்து அதைச் சொன்ன அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. கட்டடங்களுக்கு வரைபடம் போடும் ஆபீஸ் ஒன்றில் பதினான்கு வருஷமாக மாதிரிக் கட்டடங்கள் செய்துவந்தார். பெரிய ஆஸ்பத்திரியைப் படிக்கட்டு, கைப்பிடி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியோடு ஒரு மேஜைக்குள் அடக்கிவிடுவார். வேலைக்குச் சேர்ந்தது என்னவோ டெலிபோன் எடுக்கத்தான். யாரோ முழங்கையால் இடித்து உடைத்த மாதிரிக் கட்டடம் ஒன்றைச் சாப்பாட்டு இடைவேளையில் எடுத்து வைத்து ஒட்டினார். மறுவாரமே டெலிபோன் வேறு ஆளுக்குப் போனது. கொண்டையில் எப்போதும் ஒரு சாமணம் செருகியிருக்கும். அரிசியில் பாதி இருக்கிற துண்டைக்கூட அதால்தான் எடுத்து வைப்பார். ஆபீஸில் அவருக்குப் பேரே சாமணம்.

சூப்பர் க்ளூ என்றால் நமக்கெல்லாம் ஒரே சாமான். செருப்பை ஒட்டுவோம், கூடவே விரலையும் ஒட்டிக்கொள்வோம். அண்ணிக்கு அது மூன்று தினுசு. தண்ணீர் மாதிரி ஓடுவது ஒன்று. இரண்டு துண்டைச் சேர்த்துப் பிடித்து ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் தானாக இடுக்குக்குள் இறங்கிவிடும். தேன் மாதிரி இருப்பது, சரியாகப் பொருந்தாத இடத்தை நிரப்ப. கூழ் மாதிரிக் கெட்டியாக இருப்பது, வைத்த பிறகும் கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்ய. ஆனால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கின் பக்கம் இந்த மூன்றையும் கொண்டுபோகக் கூடாது. பசை காயும்போது கிளம்பும் ஆவி அதன்மேல் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். அதற்கென்றே நெடி இல்லாத வகை ஒன்று தனியாக வருகிறது.

வாங்குவதில் இருக்கிற கவனம் வைப்பதிலும் இருக்கும். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், இறுக மூடிய டப்பா ஒன்றில் அண்ணியின் சொந்தப் பசை சீசாக்கள் நேராக நிற்கும். புதுச் செருப்புப் பெட்டியில் ஈரம் உறிஞ்சப் போட்டிருக்கும் சின்னப் பொட்டலங்களை நாங்கள் யாரும் தூக்கிப்போடக் கூடாது. அவை எல்லாம் அந்த டப்பாவுக்குள் போக வேண்டும். டப்பாவை வெளியே எடுத்தால் ஒரு மணி நேரம் திறக்கக் கூடாது. குளிர்ந்த சீசாவை உடனே திறந்தால் வேர்க்கும், ஒரு துளி ஈரம் பட்டாலும் பசை கல்லாகிவிடும். டப்பாவின் மேல் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார்: "இது கண் மருந்து அல்ல. விட்டால் கதை கந்தல்." என் அண்ணனுக்காக எழுதியது. அவன் கண்ணாடி போடாமல் எதையும் எடுக்கும் ஆள்.

இப்படிப்பட்டவரைத்தான் கை சுத்தமில்லை என்றார் அந்த மனுஷர்.

நடந்தது இதுதான். நகராட்சி கட்டப்போகும் நூலகத்துக்கு மாதிரி செய்யும் வேலை. இருநூற்றுப் பதினான்கு ஜன்னல், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு. நெடி இல்லாத பசை வேண்டும் என்று அண்ணி எழுதிக் கொடுத்தார். ஸ்டோர்க்காரர் கொண்டுவந்து கொடுத்தார். வழக்கம்போல உதவாத துண்டு ஒன்றில் சொட்டு வைத்து, ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். கடைசி நாற்பது ஜன்னல் இருக்கும்போது சீசா காலி. ஸ்டோர்க்காரர் அதே லேபிளோடு இன்னொரு சீசா கொடுத்தார். மறுநாள் காலை நகராட்சிக்காரர்கள் வருகிறார்கள். இன்னொரு தடவை சோதிக்க நேரம் இல்லை, அதே பசைதானே என்று ஒட்டினார். அன்றைக்கு அவருக்குச் சளி, நெடி எதுவும் தெரியவில்லை. சாயந்திரம் மாதிரியின் மேல் தூசிக்கான மூடியைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

காலையில் மூடியைத் தூக்கினால் புரை விழுந்த கண் மாதிரி அத்தனை ஜன்னலும் வெளுத்துக் கிடந்தது. மூடிக்குள் அடைபட்ட ஆவி முந்தின நாட்களில் ஒட்டிய ஜன்னல்களையும் விட்டுவைக்கவில்லை. துடைத்துப் பார்த்தார். வெள்ளை உள்பக்கமும் படிந்திருந்தது.

வந்தவர்கள் பார்த்துவிட்டு, "சரி, இன்னொரு நாள் வர்றோம்" என்று போய்விட்டார்கள். முதலாளி அந்த வார்த்தையைச் சொன்னார். ஸ்டோர்க்காரரோ, "நான் சரியான பசைதான் சார் கொடுத்தேன், வேணும்னா லேபிளைப் பாருங்க" என்றார். அண்ணி மேஜையில் இருந்த இரண்டாவது சீசாவை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"விடும்மா, பெரிய மனுஷங்களோட நமக்கென்ன வம்பு" என்றான் என் அண்ணன்.

"அண்ணா, உன் பொண்டாட்டி கையைப் பத்திச் சொல்லியிருக்கான். நீ பேப்பரை மடிச்சு வெச்சுட்டுப் பேசு" என்றேன் நான். பேப்பரை மடித்தான். ஆனால் பேசவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணி சாப்பாட்டு மேஜையில் இரண்டு தெளிவான பிளாஸ்டிக் துண்டுகளை வைத்தார். ஒன்றில் தன் டப்பாவிலிருந்த நெடி இல்லாத பசையில் ஒரு சொட்டு, மற்றதில் ஆபீஸ் சீசாவில் மிச்சமிருந்ததில் ஒரு சொட்டு. இரண்டையும் தனித்தனிக் கண்ணாடித் தம்ளரால் கவிழ்த்து மூடினார்.

"இந்த சீசாவை மோந்து பாரு. எனக்கு மூக்கு அடைச்சிருக்கு" என்று என்னிடம் நீட்டினார். மோந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நெடி இருக்கு, இல்ல?"

"அண்ணி, இது சாதாரண பசை!"

மத்தியானத்துக்கு மேல் பார்த்தபோது ஆபீஸ் பசை வைத்த துண்டைச் சுற்றி வெள்ளை வளையம். மற்றது பளிச்சென்று இருந்தது. அண்ணி அந்தச் சீசாவை வெந்நீரில் ஊறவைத்து, லேபிளின் ஓரத்தைச் சாமணத்தால் பிடித்து மெல்ல உரித்தார். அடியில் இன்னொரு லேபிள் இருந்தது. சாதாரண பசை என்று கொட்டை எழுத்தில்.

அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுதார். துக்கம் இல்லை, ஆத்திரம். "பதினாலு வருஷம்டி" என்றார். "ஒருத்தராவது, அவ கை அப்படிப் பண்ணாதுன்னு சொல்லலையே."

திங்கட்கிழமை நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். அண்ணி நேராக முதலாளி அறைக்குள் நுழைந்து, அவர் மேஜையில் இரண்டு துண்டையும் வைத்தார். பக்கத்தில் லேபிள் உரித்த சீசா.

"இது என்ன?" என்றார் முதலாளி.

"என் கை சார். ஸ்டோர் ரூமைத் திறக்கச் சொல்லுங்க."

ஸ்டோர் ரூம் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே. கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. வெயில் விழும் ஜன்னலை ஒட்டியே இரும்பு அலமாரி. கீழ்த்தட்டுப் பெட்டிக்குள் இருபது, முப்பது சீசாக்கள், ஒன்றிலும் லேபிள் இல்லை. அண்ணி ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார். சொட்டு விழவில்லை. மேஜையில் தட்டினார், கூழாங்கல் மாதிரிச் சத்தம் கேட்டது. நெடி இல்லாத பசை மொத்தமும் சூட்டில் இறுகிப்போயிருந்தது.

ஸ்டோர்க்காரருக்கு முகம் செத்துவிட்டது. "கெட்டுப்போச்சுன்னு சொன்னா என் தலையில கட்டுவாங்கன்னு பயந்துட்டேன்மா. லேபிளை உரிச்சு மாத்தி ஒட்டினேன். இப்படி வெளுக்கும்னு சத்தியமா தெரியாது."

"அன்னிக்கு என்னைத் திட்டும்போது தெரிஞ்சுதே. அப்ப வாயில என்ன இருந்துச்சு?" என்றார் அண்ணி.

ஸ்டோர்க்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். இந்த அறைக்கு ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வேண்டும் என்று அவர் இரண்டு தடவை கேட்டிருக்கிறார். "பசைக்கு ஃப்ரிட்ஜா? நாளைக்கு ஆணிக்கு மெத்தை கேப்பியா?" என்று முதலாளி சிரித்து அனுப்பிவிட்டாராம்.

நான் முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அறையின் மூலையில் ஒரு ஃப்ரிட்ஜ் இருந்ததை உள்ளே போனபோதே கவனித்திருந்தேன். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே வரிசையாகக் குளிர்பான பாட்டில்கள் தெரிந்தன. பசைக்கு இடமில்லை, பாட்டிலுக்கு இருக்கிறது!

"சரி, நடந்தது நடந்துபோச்சு. ஐ ஆம் சாரி. போய் ஜன்னலை மாத்திடுங்க" என்றார் முதலாளி.

"பதினோரு பேர் முன்னாடி சொன்னீங்க சார். சாரியும் அவங்க முன்னாடியே சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் ஜன்னல்."

"இதையெல்லாம் பெரிசு பண்ணுவாங்களா?"

"என் கை சார் எனக்குச் சோறு போடுது. எனக்கு அது பெரிசுதான்."

மூன்று நாள் அவர் பிடிவாதமாக இருந்தார். அண்ணியும் தினம் ஆபீஸுக்குப் போய்த் தன் மேஜையில் சும்மா உட்கார்ந்திருந்தார். வெளியாள் இரண்டு பேரைக் கூப்பிட்டு மாதிரியைக் காட்டினார்கள். இருநூற்றுப் பதினான்கு ஜன்னலைப் பெயர்க்க வேண்டும் என்றதும் இருவரும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். வியாழக்கிழமை நகராட்சியிலிருந்து போன் வந்தது. அதற்குப் பிறகுதான் எல்லாரையும் வரச் சொன்னார் முதலாளி. "சில தவறான தகவல்களின் காரணமாக" என்று இழுக்க ஆரம்பித்தார்.

"தகவல் இல்ல சார். என் கை சுத்தம்னு சொல்லுங்க" என்றாராம் அண்ணி.

கடைசியில் அவர், "உங்க கை சுத்தம். நான் சொன்னது தப்பு" என்றாராம். ஆறு வார்த்தை. அதற்கு நாலு நாள்.

ஜன்னல்களை மாற்ற ஒன்பது நாள் ஆனது. புதுப் பசை ஸ்டோருக்கே போகவில்லை. கடையிலிருந்து நேராக அண்ணியின் கைக்கு வந்தது. முதலாளியின் ஃப்ரிட்ஜ் கீழே இறங்கி மாதிரி செய்யும் அறைக்கு வந்து சேர்ந்தது. நகராட்சிக்காரர்கள் மாதிரியைப் பார்த்து ரொம்ப நேரம் நின்றார்களாம். முதலாளி பக்கத்தில் நின்று, "எங்க டீம் வொர்க்" என்றாராம். கேட்டபோது எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்டோர்க்காரரை வேலையை விட்டுத் தூக்கப் பார்த்தார்கள். அண்ணிதான், "அப்படின்னா ஃப்ரிட்ஜ் கொடுக்காதவரையும் தூக்கணும்" என்று சொல்லித் தடுத்தார். அதற்காக அவரிடம் முகம் கொடுத்துப் பேசினார் என்று நினைக்க வேண்டாம். "சீசா கொடுங்க", "கையெழுத்துப் போட்டாச்சு", அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் ஒரு ரயில் அருங்காட்சியகத்தில் பெட்டிகளும் பாலங்களும் செய்ய ஆள் தேடினார்கள். அண்ணி எழுதிப் போட்டார், கிடைத்தது. இப்போது அங்கேதான் இருக்கிறார். "அங்க ஸ்டோர் எப்படி?" என்று முதல் நாளே கேட்டேன். "தரைத்தளம், வடக்குப் பார்த்த ஜன்னல்" என்றார், கைப்பையைக் கழற்றி மாட்டிக்கொண்டே. "ஆனா டீ மட்டும் கழுநீர் மாதிரி இருக்கு."