ஒளியைவிடக் கொஞ்சம் மெதுவாக

பிரபஞ்சம் எப்படித் தொடங்கியது என்று கண்டுபிடிக்கத்தான் நான் இயற்பியல் படிக்கப் போனேன். அது இன்றுவரை எனக்குத் தெரியாது. பிரபஞ்சமும் என்னைத் தேடி வந்து சொல்லவில்லை.

ஆராய்ச்சி மாணவியாக என்னை எடுத்துக்கொண்ட பேராசிரியர் கோட்பாட்டுக்காரர். இரண்டு வருடம் என் கணக்குகளைப் பொறுமையாகப் பார்த்தார். ஒருநாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"கணக்கெல்லாம் சரியாத்தாம்மா வருது. ஆனா ஏற்கெனவே யாரோ போட்ட கணக்காவே வருது. கீழ முடுக்கிக் கூடத்துல ஆள் கேக்கிறாங்க. போய்ப் பாக்கிறியா?"

அப்படித்தான் நான் துகள் முடுக்கிக்கு வந்து சேர்ந்தேன். காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த வளையக் குழாய்க்குள் எலக்ட்ரான்களைக் கற்றையாக விட்டு, ஒளியின் வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓட வைக்கும் இயந்திரம் அது. சுற்றிலும் இருக்கும் காந்தங்கள் கற்றையை வளைத்துத் திருப்பும். துகள்கள் மோதிச் சிதறுவதைப் பார்த்து ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் மேல்மாடியில் இருந்தார்கள். மோதும் இடம்வரை துகள்களைக் கொண்டுபோய் விடுகிறவர்கள் நாங்கள், கீழ்த்தளத்தில். மாப்பிள்ளை வேஷம் அவர்களுக்கு, வண்டியோட்டும் வேலை எங்களுக்கு.

அம்மாவுக்குப் புரியவைக்கப் பார்த்தேன்.

"எலக்ட்ரானை ரொம்ப வேகமா ஓட வைக்கிறோம்மா."

"எங்க போறதுக்கு?"

"எங்கயும் போகாது. சுத்திச் சுத்தி வரும்."

"இதுக்கா இவ்ளோ படிச்ச?"

எங்கள் பிரிவுத் தலைவருக்குக் காந்தம் என்று பெயர் வைத்திருந்தோம். காந்தங்களில் கரைகண்டவர்; பேச்சில் மாட்டினால் விடவும் மாட்டார். அவர் எனக்குக் கொடுத்த வேலை, குழாய்க்குள் கற்றை எங்கே எதனால் அழிகிறது என்று கண்டுபிடிப்பது. என் ஆய்வேட்டின் தலைப்பில் 'இழப்பு' என்ற சொல் இரண்டு இடத்தில் வரும்.

"அட்டையைப் பாத்தாலே துக்கம் விசாரிக்கணும் போல இருக்கு," என்றார் என் கணவர். அவர் பல் மருத்துவர். கடைவாய்ப் பல்லைக் காட்டப் போன இடத்தில்தான் பழக்கம். நான் வாயை மூட முடியாமல் கிடந்தபோது என்னிடம் கேள்வி கேட்டு, அந்தப் பதிலையும் கடைசிவரை கேட்ட முதல் ஆள் அவர். அப்படிப்பட்ட ஆளை விட்டால் வேறு கிடைக்காது என்று கட்டிக்கொண்டேன். வீட்டு வாசலில் இரண்டு டாக்டர் பலகை தொங்கியது. பக்கத்து வீட்டக்கா முழங்கால் வலியோடு என்னிடம் வந்தார். எனக்கு அதெல்லாம் தெரியாது, இரண்டு நாள் நடக்காமல் இருங்கள் என்றேன். வலி போய்விட்டது. தெருவில் கைராசிக்காரி என்று பெயர் வாங்கினேன். ஆய்வுக்கூடத்தில் அந்தப் பெயர் கடைசிவரை கிடைக்கவில்லை.

வளையத்தைப் புதுப்பித்து மறுபடி கற்றையை விட்ட நாள் ஒன்று போதும், காரணம் சொல்ல. கட்டுப்பாட்டு அறை முழுக்க விருந்தினர்கள். கற்றை பாதி வளையம் ஓடி மாயமாகிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இழப்புக்கு நான்தானே நிபுணர். பலகை நிறையச் சமன்பாடு எழுதி, கற்றைக்குள்ளேயே ஏதோ தள்ளாட்டம் தொடங்கியிருக்கிறது என்று விளக்கினேன். எழுத இடம் தீர்ந்ததும் காந்தம் மெதுவாகக் கேட்டார்.

"எல்லாம் எழுதியாச்சா? கற்றையைப் பாக்க எறக்குன திரையை மேல தூக்கியாச்சா?"

தூக்கவில்லை. கற்றை நேராகப் போய் அதில்தான் முட்டிக்கொண்டிருந்தது. திரை கீழே இருப்பதைக் காட்டும் விளக்கு என் மூக்குக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது.

நாற்பத்தேழு வயதில் என் வளையத்தையே மூடிவிட்டார்கள். வேறோர் இடத்தில் இதைப்போலப் பல மடங்கு பெரியது வந்துவிட்டதாம். காந்தம் ஓய்வுபெற்றார். நான் என் வயதில் பாதிகூட ஆகாத பிள்ளைகளோடு உட்கார்ந்து மருத்துவ இயற்பியல் பரீட்சை எழுதி, ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்ந்தேன். அங்கே கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரத்துக்குள்ளும் ஒரு முடுக்கி உண்டு. என் கை நீளம்தான். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. இயந்திரத்தைச் சொல்லவில்லை, என்னைச் சொல்கிறேன்.

நோயாளிகளோடு பேசுவது என் வேலையில்லை. ஆனால் ஒருநாள் சிகிச்சை நடுவில் இயந்திரம் நின்றுவிட, உள்ளே ஓடினேன். தொண்டைக்குச் சிகிச்சை எடுக்கும் ஒருவர், பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், தலை அசையாதிருக்க மாட்டும் முகமூடியைக் கழற்றிய பின் படுக்கை விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மேடம், வண்டி பிரேக்டவுனா?"

கேட்டாரே என்று ஆர்வமாக விளக்கினேன். "கதிரோட அளவை ரெண்டு கருவி பாத்துக்கிட்டே இருக்கும். ரெண்டும் ஒத்துப் போகலைன்னா தானா நின்னுடும். பிழை ரெண்டு பர்சன்டுக்குள்ள இருந்தா..."

"பிழையா? அப்ப இத்தனை நாளா தப்பா போயிருக்கா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. இயந்திரத்தை இயக்கும் பெண் என்னை முறைத்தாள். என் பேச்சைக் கேட்டுத் தூங்கியவர்கள் உண்டு. பயந்தவரை அன்றுதான் பார்த்தேன். அவரே ஒருவழியாகச் சமாளித்துக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வண்டி ஓட்டத் தெரியாம நின்னுச்சா, பிரேக் புடிச்சு நின்னுச்சா?"

"பிரேக் புடிச்சுதான்."

"அப்ப சரி."

பழுதான கருவியை மாற்றிச் சரிபார்த்து, மறுநாள் அவருக்குச் சிகிச்சையைத் தொடர்ந்தோம். ஒன்றுக்கு நான்கு முறை அளந்தேன். இருபது வருடம் என் கற்றைகள் இரும்பிலும் செம்பிலும் போய் முட்டின, நான் நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது கற்றை போய்ச் சேரும் இடத்தில் எச்சில் விழுங்கக் கஷ்டப்படும் ஒரு கழுத்து இருந்தது. அன்று இரவு தூங்காமல் அந்த அளவுகளை மறுபடி கூட்டிப் பார்த்தேன். கணவரிடம் சொன்னேன்.

"பல்லு புடுங்கறவனுக்கு மொத வருஷமே வர்ற பயம்," என்றார். "உனக்கு இப்பத்தான் வருது."

சில மாதம் கழித்து ஓட்டுநர் பரிசோதனைக்கு வந்தார். கட்டி கரைந்திருந்தது, குரல் மட்டும் கரகரத்தது. இயந்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். மூடியைத் திறந்து காட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எஞ்சின் பார்ப்பதுபோல் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"ஒரு போட்டோ எடுத்துக்கலாமா மேடம்?"

முடியைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் போய் நின்றேன். அவர் செல்போனை என் கையில் கொடுத்துவிட்டு, முடுக்கியோடு தனியாக நின்றுகொண்டார். எடுத்தேன். படம் நன்றாகத்தான் வந்தது. ஓரத்தில் மட்டும் என் கட்டைவிரல் விழுந்திருந்தது.