எரியாத அக்கி

ஒதியம்பட்டில் அஞ்சலாட்சியின் வாய்க்கு அஞ்சாதவை அவள் வீட்டு எருதுகள் மட்டும்தான். கரும்பாலையில் பாகின் பதம் தப்பினால் ஆள் யாரென்று பார்க்க மாட்டாள். அப்படிப்பட்டவளைக் குளிக்கக்கூட விடாமல் மூலையில் உட்கார வைத்திருந்தார்கள்.

இடது மார்புக்குக் கீழே, விலாவோரம், சிவப்பாகச் சின்னச் சின்ன முண்டுகள். பார்த்த பெண்களெல்லாம் அக்கி என்றார்கள். பெண்களுக்கு அக்கி எழுதுகிறவள் குயவர் வீட்டு ஆண்டாள். காவியைக் குழைத்து முண்டுகளின் மேல் அக்கியை விரட்டும் சிங்க உருவம் எழுதினாள். அது உதிரும்வரை தண்ணீர் படக் கூடாது. உதிர்ந்தபோது முண்டுகள் முதுகுக்குப் போயிருந்தன. மறுபடியும் காவியோடு வந்தாள்.

"அக்கின்னா எரியணும்டி. இது எரியல, அரிக்கல. இன்னா அக்கி இது?"

"நம்பாம எழுதிக்கினா எப்பிடிக்கா அடங்கும்?"

அஞ்சலாட்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டப்பகலில் கிணற்றடிக்குப் போய் அத்தனை சிங்கத்தையும் தேய்த்துக் கழுவினாள். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு வண்டி பூட்டச் சொன்னாள்.

கணவர் வைத்தியலிங்கம் குதித்தார். "வெள்ளக்கார டாக்டருகிட்ட மாரக் காட்டப் போறியா? மானம் போவுதுடி."

"போறது என் உசுரு. ஒங்க மானத்த வூட்டுல வெச்சி நீங்களே காவல் காருங்க."

அவளே பூட்டி, அவளே ஓட்டிப் போனாள்.

டாக்டர் மார்பை அழுத்தி அழுத்திப் பார்த்தும் கட்டி அகப்படவில்லை. அக்குளில் நெறி கட்டியிருந்தது. ஒரு முண்டை வெட்டியெடுத்துச் சோதித்த பிறகு அவர் சொன்னதை நர்ஸ் தமிழில் சொன்னாள். மார்புக்குள் கைக்குத் தட்டுப்படாத புற்று ஒளிந்திருக்கிறது, தோலுக்கும் வந்துவிட்டது, வெட்டித் தீராது. புற்றுக்குத் தீனி போடும் சினைப்பையை எடுத்து, எக்ஸ்ரே கதிரும் வைத்தால் கொஞ்ச காலம் அடங்கும்.

"அடங்கறவரைக்கும் அடக்குங்க. நானா அதுக்கு வழி வுட மாட்டேன்."

எல்லாம் முடிந்து திரும்பியபோது முண்டுகள் வாடியிருந்தன. ஆலையில் கேட்டவர்களிடம் வைத்தியலிங்கம், "அக்கிதான், எறங்கிடுச்சி" என்றார்.

"அக்கியில்ல. மாருல புத்து," என்றாள் அஞ்சலாட்சி, எல்லோர் காதிலும் விழும்படி. "யாருக்கனா முண்டு, கட்டி இருந்தா காவி பூசிக்கினு ஒக்காராதீங்க."

அன்றிலிருந்து அவள் கையால் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. ஒட்டிக்கொள்ளுமாம்! முண்டுகள் வலிக்காததற்கும் சேர்த்து அது வலித்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் வீம்புக்குச் சொம்பை நீட்டிக்கொண்டேயிருந்தாள்.

தை கடைசியில் ஆண்டாள் கொல்லை வழியாக வந்து மாராப்பை விலக்கினாள். மார்பில் காவிச் சிங்கம். தனக்குத்தானே எழுதிக்கொண்டது. அதனடியில் புளியங்கொட்டை அளவுக்குக் கட்டி.

"எப்பலேர்ந்துடி?"

"ஆடியிலேர்ந்துக்கா. எழுதற நானே ஆஸ்பத்திரிக்குப் போனா ஊரு சிரிக்காதா?"

திட்ட வாயெடுத்த அஞ்சலாட்சி அவள் கையைப் பிடித்தாள். கிணற்றடிக்கு இழுத்துப் போய்க் காவியைத் தானே கழுவிவிட்டாள். பிறகு சொம்பை நீட்டினாள். ஆண்டாள் வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

வாசலில், பேச்சைக் கேட்டிருந்த வைத்தியலிங்கம் வண்டியைப் பூட்டிவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தார். "இந்தத் தபா நான் ஓட்டறேன்."

"தள்ளி ஒக்காருங்க," என்று கயிற்றை வாங்கிக்கொண்டாள் அஞ்சலாட்சி. "ஆஸ்பத்திரிக்கு வழி எனக்குத்தான் தெரியும்."